மீதி நேரம் பூஜ்யம் வினாடி

திரும்பிக்கொண்டிருக்கிறது, முடிந்தது பூஜ்யம் சதவீதம், மீதி நேரம் பூஜ்யம் வினாடி. எட்டு முப்பத்திரண்டுக்கும் திரை இதைத்தான் சொன்னது, எட்டு முப்பத்தெட்டுக்கும் இதையேதான் சொன்னது, இசக்கியம்மாள் கேட்கக் கேட்க அலுப்பில்லாமல் அதே வரியைத் திருப்பித் திருப்பிச் சொன்னது. ஒன்றுமே முடியவில்லையாம், ஆனால் ஒரு வினாடிகூட மீதி இல்லையாம். மனுஷன் இப்படி ஒரு பதில் சொன்னால் நாலு வார்த்தை கேட்கலாம், சர்வரை என்னத்தைக் கேட்க. பாளையங்கோட்டையில் ஏழு மாடியும் நானூறு கட்டிலும் தினம் இரண்டாயிரம் புறநோயாளிகளுமாக நடக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் சிஸ்டம் ரூம் அது. நாலு வருஷமாக அவளுக்கு அங்கேதான் பகல். யாருக்கு என்ன ரத்த வகை, யாருக்கு எந்த மருந்து ஆகாது, யார் எந்தத் தேதியில் எந்த டாக்டரைப் பார்த்தார்கள், எல்லாம் டேட்டாபேஸ் என்கிற ஒரே சரக்குக் கிட்டங்கிக்குள் கிடக்கிறது, அந்தக் கிட்டங்கிக்குக் காவல் அவள். மெதுவானால் ஏன் என்று பார்க்கவேண்டும், நின்றுபோனால் நகர்த்தவேண்டும். இன்று நின்றுபோயிற்று. மாதத்தின் முதல் திங்கள். காலை ஏழரைக்கு மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஆவுடையப்பன் ஓட்டிவிட்ட ஒரு வேலை, வழக்கமாகப் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலை, எட்டு மணிக்கு ஓ.பி. கவுண்டர் திறந்த பிறகும் முடியாமல், நோயாளிகள் பட்டியலை மொத்தமாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. அது பிடியை விடாதவரை ஒரு டோக்கன்கூடப் போடமுடியாது. எட்டு இருபத்தைந்துக்கு பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றாமல், எட்டு முப்பத்தொன்றுக்கு அவள் அதைக் கொன்றாள். கட்டளைக்குப் பேரே கில்தான். கொன்றதும் அது செத்துவிடவில்லை, வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தது. அப்படித்தான் நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா, தெரியும், விரல் தட்டுகிற அந்த நொடியில் மட்டும் தெரியவில்லை. போகும்போது சர்வருக்கு எட்டுக் கை, எட்டுக் கையாலும் வாரிப்போட்டு வாரிப்போட்டு எழுதிக்கொண்டே போகும். திரும்பும்போது ஒரே கை. கடைசியாக எழுதியதை முதலில் அழித்து, அதற்கு முந்தியதை அப்புறம் அழித்து, ஒவ்வொன்றாக, குனிந்து குனிந்து, முப்பத்தொரு லட்சம் பெயர்களை இருந்தபடியே வைத்துவிட்டுத்தான் நிமிரும். அதுவரை பிடியை விடாது. திரும்பிக்கொண்டிருக்கிறது, பூஜ்யம் சதவீதம், பூஜ்யம் வினாடி.

என்ன வேலை அது என்றால், ஒரே ஆளை ஒரே ஆளாக ஆக்குகிற வேலை. நம்ம ஊரில் பெயருக்கு முன்னால் நிற்கிற ஒற்றை எழுத்துதானே குடும்பப் பெயர், அதுவும் ஒரு இடத்தில் நிலையாக நிற்கிறதா. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா எழுத்தோடு வந்து சளிக்கு மருந்து வாங்கிப் போன பெண், கல்யாணம் ஆனபிறகு புருஷன் எழுத்தோடு வந்து பிரசவத்துக்குப் படுக்கிறாள். கவுண்டரில் தேடினால் கிடைக்கமாட்டாள், புது எண் போட்டுவிடுவார்கள். பழைய எண்ணில் பெனிசிலின் ஆகாது என்று எழுதியிருக்கும், புது எண்ணில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இரண்டு எண்ணையும் ஒன்றாக்காவிட்டால் ஒருநாள் யாராவது ஊசியைப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் மாதம் முழுக்க ஆவுடையப்பன் ஃபோன் நம்பரையும் தெருப் பெயரையும் ஒப்பிட்டு ஜோடி சேர்த்துவைப்பார், முதல் திங்கள் காலையில் ஒட்டுமொத்தமாக இணைத்துவிடுவார். முதலில் எல்லாப் பெயர்களுக்கும் தேடுவதற்கான சாவி புதிதாக எழுதப்படும், அது எட்டு நிமிஷம். அப்புறம் ஜோடிகள், நாலு நிமிஷம். இந்த மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது ஜோடி. அதில் நானூற்றுப் பதினேழாவது அவளே. சு. இசக்கியம்மாள், ம. இசக்கியம்மாள். வெள்ளிக்கிழமை பட்டியலைக் கொண்டுவந்து காட்டிவிட்டு ஆவுடையப்பன் சிரித்தார், "மேடம், உங்களையும் ஒண்ணாக்கிருதேன், ரெண்டு பேரா அலையாதீங்க." சு என்பது சுடலைமுத்து, அப்பா. அந்த எண்ணில் பன்னிரண்டு வயசு டைஃபாய்டு இருக்கிறது, கல்லூரியில் மயங்கி விழுந்தது இருக்கிறது. ம என்பது மகாராஜன். அந்த எண்ணில் போன வருஷம் மூன்றாவது மாதத்தில் கலைந்துபோனது இருக்கிறது, வேறொன்றும் இல்லை. இன்று காலை கால் மணிநேரம் போல அவளும் ஒரே ஆளாக இருந்திருக்கிறாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்ட இடமில்லாமல் மடக்கிக்கொண்டிருந்தபோது. இப்போது உள்ளே அந்த ஒற்றைக் கை அவளைத் திரும்பப் பிரித்துவைத்துக்கொண்டிருக்கும், அல்லது பிரித்து முடித்திருக்கும், அதைக்கூட அந்தத் திரை சொல்லாது. காந்திமதி தியேட்டர் பக்கம் போன வாரம் ஒரு பூக்காரியிடம்... இல்லை, இப்போது அது எதற்கு. பூவை நினைக்கிறாள், பஸ்ஸை நினைக்கிறாள், அந்த ஒன்றை மட்டும் நினைக்காமலிருக்கப் பார்க்கிறாள். நினைக்காமலிருக்கப் பார்க்கிறோம் என்கிற நினைப்பு இருக்கிறதே, அது போதும், அது கதவைத் திறந்துவிட்டது.

இன்டெக்ஸ். அவள் நீக்கியது. பெரிய ரெஜிஸ்டரின் ஓரத்தில் எழுத்து எழுத்தாகக் காது ஒட்டிவைப்பார்களே, அதுபோல எது எங்கே கிடக்கிறது என்று காட்டுகிற ஒரு அடையாளப் பட்டியல், அவ்வளவுதான். பரிசோதனை முடிவுகள் என்ற அட்டவணையில் இரண்டு கோடிச் சொச்சம் வரிகள். அதில் பழைய கோப்பு எண்ணை வைத்துத் தேடுவதற்கென்று எவரோ எந்தக் காலத்திலோ போட்டுவைத்த ஒரு இன்டெக்ஸ். ஒவ்வொரு புது முடிவு ஏறும்போதும் அதையும் சேர்த்து எழுதவேண்டியிருப்பதால் லேப் மெதுவாகிறது, உபயோகமில்லாததைக் கழித்துக்கட்டினால் வேகம் பிடிக்கும் என்று போன மாதம் இருபத்திநாலாம் தேதி அவள் ஒரு துப்புரவு நடத்தினாள். எந்த இன்டெக்ஸை எத்தனை தடவை தொட்டார்கள் என்று சர்வரே எண்ணிவைத்திருக்கும். பார்த்தாள், இதற்கு நேராகப் பூஜ்யம். பூஜ்யம் என்றால் யாருக்கும் வேண்டாதது. நீக்கினாள். லேப் வேகம் பிடித்தது. ஜெபமணி சார், ஐ.டி. தலைவர், கூட்டத்தில் எழுந்து நின்று, "நம்ம இசக்கி ஒரு ரூவா செலவில்லாம சர்வரை ஓடவிட்டுட்டா, கேட்டியளா" என்று எல்லோரையும் கைதட்டவைத்தார். அந்தக் கைதட்டலில் ஆவுடையப்பனும் இருந்தார், சத்தமாகத் தட்டினார். ஆனால் அந்த எண்ணிக்கை சர்வரை அணைத்துப் போட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும். யு.பி.எஸ். பேட்டரி மாற்ற பன்னிரண்டாம் தேதி சர்வரை அணைத்தார்கள். பன்னிரண்டிலிருந்து இருபத்திநாலு வரை பன்னிரண்டு நாள். மாதத்தில் ஒரேயொரு நாள், முதல் திங்களில், நாலே நாலு நிமிஷம் மட்டும் தேவைப்படுகிற ஒன்று அந்தப் பன்னிரண்டு நாளில் எப்படிக் கண்ணில் படும். இது அவளுக்குத் தெரியாத சங்கதியா? வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் வேறொரு ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்க்கிற ஆம்பூர்க்காரப் பெண் ஒருத்திக்கு இதை அவளே ஃபோனில் விளக்கியிருக்கிறாள், "அந்தப் பூஜ்யத்த நம்பாத, சர்வர் எப்ப எழுந்துச்சுன்னு முதல்ல பாரு" என்று. சொன்ன வாய் இதுதான். பார்க்காத கண்ணும் இதுதான்.

கதவு திறந்து ஏசிக் காற்று கொஞ்சம் வெளியே போனது, ஜெபமணி சார் உள்ளே வந்தார், காதில் ஃபோன், மேலே பெரிய டாக்டரிடம் "ஆமா சார், பாத்துக்கிட்டிருக்கோம் சார்" என்று முடித்துவிட்டு அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, எத்தனை சதவீதம்?" பூஜ்யம் சார். "இன்னும் எவ்வளவு நேரமாவும்?" அதுவும் பூஜ்யம்னுதான் சொல்லுது சார். "அப்படின்னா முடிஞ்சிட்டுன்னுதான அர்த்தம்?" இல்ல சார், அதுக்கே தெரியலன்னு அர்த்தம். அவர் நெற்றியைத் தேய்த்தார். "பேசாம ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருவமா? என் வீட்ல டி.வி. அப்படித்தான் சரியாவும்." அவள் திரும்பாமலே, குரல் எழும்பாமலே, வேண்டாம் சார் என்றாள். அணைத்தால் இது விட்டுவிடாது, எழுந்ததும் விட்ட வேலையைத்தான் தொடங்கும், கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கும், இப்போது டோக்கன் மட்டும்தான் இல்லை, அப்புறம் வார்டில் மருந்துச் சீட்டும் வராது, லேப் முடிவும் வராது. "எல்லாம் மொத்தமா நின்னுரும் சார்." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு ஐம்பது. "ஒன்பதரை வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல பெரியவர் என்னை அணைச்சுருவாரு, பாத்துக்க." அவள் சிரிக்கவேண்டிய இடம் அது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறாள். அவர் கதவுவரை போய்த் திரும்பினார். "ஆவுடையப்பன் பட்டனை ரெண்டு தடவ அமுக்கியிருப்பாரு. போன வருஷமும் இதே கூத்துதான். ஏற்கெனவே ஒரு மெமோ கையில இருக்கு, இது ரெண்டாவது. வர்ற மாசம் அவரு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும், எங்கிட்டதான் ஃபைல் வருது." சொல்லிவிட்டுப் போய்விட்டார். கதவு தானாக மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டது, கடைசி ஒரு சாணில் நின்று, யோசித்து, அப்புறம் சாத்திக்கொண்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். கதவு அந்த ஒரு சாணில் நின்றபோதுகூடச் சொல்லியிருக்கலாம். "சார், பட்டன் இல்ல சார்" என்று நாலே வார்த்தை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள், தண்ணீர் ஏசிக்குளிரில் பல்லைக் கூசவைத்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் ஓ.பி. கூடம். அவளுக்கு அவர்கள் தெரிவார்கள், அவர்களுக்கு அவள் தெரியமாட்டாள், கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறது. முன்னூறு பேருக்குக் குறையாது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு எமர்ஜென்சியில் காகிதச் சீட்டு எழுதிக்கொடுக்கிறார்கள், அது நடக்கிறது, அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று தன்னிடமே மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டாள். ஆகாது. மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மாள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள், பாதத்தில் கட்டு, கட்டின் ஓரம் நனைந்திருந்தது. கண்ணாடிக்கு முதுகைச் சாய்த்து நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது உள்ளே வரைக்கும் கேட்டது. "என்னவாம்?" "கம்ப்யூட்டருக்கு மேலுக்குச் சரியில்லையாம்." "இங்க இத்தன டாக்டர் இருக்காவளே, ஒருத்தர் அதுக்கு ஊசியப் போடப்படாதா?" "டோக்கன் இல்லாம அதையும் பாக்கமாட்டாவ வே." சிரித்துக்கொண்டார்கள். மேசை ஃபோன் அடித்தது, கவுண்டர் ஷீபா. "இசக்கிக்கா, இங்க என்னைத் தின்னுருவாவ போல. டயாலிசிஸ் ஆளு நாலு பேரு வெறும் வயித்தோட நிக்காவ. நான் என்ன சொல்ல?" "இன்னும் கொஞ்ச நேரம்னு சொல்லு." "கொஞ்சம்னா?" பூஜ்யம் வினாடி. "கொஞ்சம்னா கொஞ்சம்தான் ஷீபா. அவங்க நாலு பேரையும் காகிதத்துல எழுதி உள்ள அனுப்பிரு, நான் பின்னால ஏத்திக்கிடுதேன்." "அக்கா, ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் கெடுத்தாவளாமே?" ஏ புள்ள, யாரு சொன்னா என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். முன்னூறு பேர் இருக்கிற கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இப்படி வேகமாக ஓடுகிற எதற்கும் இன்டெக்ஸ் தேவைப்படவில்லை.

இதில் இன்னொரு முள் இருந்தது, அதைத்தான் அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கொல்வதற்கு முன்னால், பையோடு நின்றபடியே, அந்த வேலை என்னதான் செய்துகொண்டிருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். பரிசோதனை முடிவுகள் அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக்கொண்டிருந்தது. பழைய எண்ணில் கிடக்கிற முடிவுகளைப் புது எண்ணுக்கு மாற்ற, ஒரு ஜோடிக்கு ஒரு தடவை, இரண்டு கோடி வரியும். அடுத்த ஜோடிக்குத் திரும்ப முதலிலிருந்து. காது பிய்த்த ரெஜிஸ்டரைத் தாள் தாளாகப் புரட்டுகிற கிழவனைப் போல. பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது, விளங்கிய அந்த நொடியிலேயே கை போய்த் தட்டிவிட்டது. எதற்காகத் தட்டினாள்? கவுண்டரை விடுவிக்கவா, அல்லது திரையில் தெரிந்ததை இல்லாமல் ஆக்கவா? கவுண்டருக்காகத்தான். கவுண்டருக்காக என்றால் ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டிருப்பாளே. ஜோடிக்கு ஐந்து வினாடி, அறுநூற்றுச் சொச்சம் ஜோடி முடிந்திருந்தது, மிச்சம் ஐந்நூறு, நாற்பத்திரண்டு நிமிஷம், விட்டிருந்தால் ஒன்பது பதிமூன்றுக்குத் தானாகவே முடிந்திருக்கும். இப்போது மணி என்ன, ஒன்பது ஐந்து. இதை அவள் போட்டது எட்டு ஐம்பத்தைந்துக்கு, கொன்று இருபத்திநாலு நிமிஷம் கழித்து. அப்பா இப்படித்தான். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன், வலது கையில் இரண்டு விரல் இல்லை. தோட்டத்து மோட்டார்களுக்குப் போகிற ஒரு லைன், வெள்ளிக்கிழமை மட்டும் உயிர் வருகிற லைன், அன்று வெள்ளிக்கிழமை என்பது மறந்துபோய்ச் செத்த லைன் என்று தொட்டுவிட்டார். கதையாகச் சொல்லும்போது சிரிப்புக் காட்டுவார், "அதுக்கு நாள் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்று. அவள் சின்னப் பிள்ளையாக அந்த மொட்டை விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். வழுவழுவென்று இருக்கும், நகமில்லாமல். சிரிக்காமல் அவர் அதைச் சொன்னதே இல்லை. சிரிப்பதற்கு எத்தனை நாள் எடுத்திருக்கும் என்று இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றுகிறது, கேட்க அவர் இல்லை, சு. மட்டும் மிச்சம் இருக்கிறது, அதுவும் ஒரு எண்ணில்.

ஆனால் யாருக்குத் தெரியும்? இந்த நினைப்பு அழைக்காமல் வந்தது, நல்ல பிள்ளைபோலப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஜெபமணி சாருக்கு இன்டெக்ஸ் என்றால் புத்தகத்தின் கடைசிப் பக்கம். இது திரும்பி முடிந்ததும் கூட்டம் வடியட்டும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் ஒரே வரி, அந்த இன்டெக்ஸைத் திரும்பப் போட்டுவிடலாம். ஐந்து நிமிஷம். அடுத்த முதல் திங்கள் பன்னிரண்டே நிமிஷத்தில் முடியும், யாரும் தேடமாட்டார்கள், தேடினாலும் இருபத்திநாலாம் தேதிக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு ஓட்டை இருந்ததற்கு எந்தத் தடமும் இருக்காது. பெயர் கெடாது, கைதட்டல் கைதட்டலாகவே இருக்கும். ஆவுடையப்பனுக்கு ஒரு மெமோ. மெமோ என்றால் ஒரு தாள். ஒரு தாள், அப்புறம் ஃபைல், அப்புறம் அடுத்த மாதத்திலிருந்து மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் வேறொருவர், அவ்வளவுதான். அவர் வேறெங்காவது போய்விடுவார், கெட்டிக்காரர், இத்தனை லட்சம் பேரின் தெருவும் அவருக்கு மனப்பாடம், வண்ணார்பேட்டை இசக்கியம்மாள் வேறு, மேலப்பாளையம் இசக்கியம்மாள் வேறு என்று படுக்கையிலிருந்து எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்ட ஆளை யார் விடுவார்கள். இங்கே விடத்தானே போகிறார்கள். விடவைத்தது யார். பழையபடி ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டாள், உள்ளே அந்த ஒற்றைக் கை மாதிரி, கடைசியை அழித்து, அதற்கு முந்தியதை அழித்து. ஒன்பது பதிமூன்று வந்தது, கடந்தது. அவள் கொல்லாமல் விட்டிருந்தால் இந்த நிமிஷத்தில் அந்த மஞ்சள் சேலை அம்மாள் காலை மடக்கி எழுந்திருப்பாள். ஒன்பது பதினாறு. திரும்பிக்கொண்டிருக்கிறது. ஒன்பதரைக்கு ஜெபமணி சார் வந்து சுவிட்சில் கைவைத்தால் இவள் என்ன குறுக்கே படுத்துக்கொள்ளவா முடியும். முருகா, சுடலைமாடா, யாராக இருந்தாலும் சரி. ஒன்பது பத்தொன்பது. கேட்காமலிருந்தால் சீக்கிரம் முடியுமோ என்று இரண்டு நிமிஷம் கேட்காமல் இருந்தாள். கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தை அவள் இருக்கும் பக்கமாகப் பார்த்து நாக்கை நீட்டியது, கண்ணாடியில் தன்னைப் பார்த்துத்தான்.

ஒன்பது இருபத்திரண்டுக்கு அவள் கேட்டபோது திரை, அப்படி ஒரு வேலையே இல்லை என்றது. பூஜ்யத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று ஏறாமல், ஒரு சொல் முன்கூட்டிச் சொல்லாமல், சட்டென்று இல்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை கேட்டாள். இல்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பிரிண்டர் கிர்ரென்று இழுத்தது, ஷீபா எழுந்து நின்று முதல் டோக்கனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள், கூடத்தில் யாரோ விசிலடித்தார்கள். "ஏ, பொழச்சிட்டு!" முதுகு சாய்த்திருந்தவர்களில் ஒருவர் மற்றவரைப் பிடித்துத் தள்ளினார், "ஓடும் வே, மறுபடி படுத்துரும்." இசக்கியம்மாள் அப்போதுதான் பையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். தோளில் வார் பதிந்த இடம் எரிந்தது. ஜெபமணி சார் உள்ளே வரவில்லை, வாசலிலிருந்தே கட்டைவிரலை உயர்த்தினார். "நீ இல்லைன்னா இன்னைக்கு நாறிப்போயிருக்கும் இசக்கி. நடந்தது என்னன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பிரு, மெமோவோட வைக்கணும்." போய்விட்டார். அவர் போன வழியே, சுவரோரமாக, ஆவுடையப்பன் வந்தார். நாற்பத்தைந்து வயசு, எப்போதும் சட்டைப்பையில் மூன்று பேனா, இன்று மூன்றும் சாய்ந்து கிடந்தன. ஒரு மணிநேரமாக எங்கே நின்றுகொண்டிருந்தாரோ, மூஞ்சியில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது.

"மேடம், என்னால உங்களுக்குக் காலையிலேயே கஷ்டம்" என்றார். பட்டனை ஒரு தடவைதான் அமுக்கினேன் என்று சொல்லவில்லை. கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அட்டையில் ஒரு மயில். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முடிஞ்ச நேரம்னு இதுல என்ன போட? வெறுமனே விட்டா அடுத்த மாசம் குழம்பிரும்." வாங்கிப் பார்த்தாள். மாதம் மாதமாக, மூன்று வருஷம். தொடங்கியது ஏழரை, முடிந்தது ஏழு நாற்பத்திரண்டு. ஏழரை, ஏழு நாற்பத்தொன்று. ஏழரை, ஏழு நாற்பத்திரண்டு. போன வருஷம் ஒரு இடத்தில் மட்டும் முப்பது நிமிஷம், பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே, என் தப்பு, இரண்டு தடவை அமுக்கிவிட்டேன். கடைசி வரி இன்றைய தேதி, ஏழரை, அதற்கப்புறம் வெள்ளைத் தாள். சர்வரை எத்தனை தடவை அணைத்தாலும் இந்த எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. மயில் அட்டை போட்ட நோட்டு. இருபத்திநாலாம் தேதி ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "அண்ணாச்சி, பழைய கோப்பு எண்ணை நீங்க எதுக்காவது தொடுதீங்களா" என்று இரண்டு அறை தாண்டிப் போய்க் கேட்டிருந்தால், இதைத் தூக்கிக் காட்டியிருப்பார். "அண்ணாச்சி" என்றாள். "இதை ஏன் சார்கிட்ட காட்டல?" அவர் கதவைப் பார்த்தார், அப்புறம் கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கம் மினுங்கிக்கொண்டிருந்த சர்வர்களைப் பார்த்தார். "காட்டலாம் மேடம். காட்டுனா, பின்ன யாருன்னு கேப்பாவ. இதத் தொடுறது நாம ரெண்டு பேருதான." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். "எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்குல்லா. உங்களுக்குப் புதுசா எதுக்கு?"

தெரிந்திருக்கிறது. ஏழே முக்காலுக்கே தெரிந்திருக்கும், தன் வேலையில் எதுவும் மாறவில்லை, அந்தப் பக்கம் ஏதோ மாறியிருக்கிறது என்று. தெரிந்துகொண்டுதான் ஒரு மணிநேரம் சுவரோரம் நின்றிருக்கிறார், மெமோ என்று காதில் விழுந்தபோதும் நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், இப்படி ஒருத்தர் நல்லவராக இருந்து தொலைக்கலாமா, இவர் எரிந்து விழுந்திருந்தால் இவளுக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாவை உருவிக்கொண்டாள். முடிந்த நேரம், ஒன்பது இருபத்திரண்டு, முடியவில்லை, நடுவில் கொன்றது. பக்கத்தில் குறிப்புக்கு விட்டிருந்த கட்டத்தில் எழுதினாள். இந்த வேலைக்கு வேண்டிய இன்டெக்ஸை இருபத்திநாலாம் தேதி நீக்கியது நான், விசாரிக்காமல். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறிப்போயிற்று. கீழே, சு. இசக்கியம்மாள். கை அந்த எழுத்தைத்தான் போட்டது. ஆவுடையப்பன் தலையைச் சாய்த்துப் படித்தார். "ஐயோ மேடம், இது எதுக்கு? நோட்டு என்னோடது. அந்தத் தாளைக் கிழிச்சிட்டு நான் வேற எழுதிக்கிடுதேன், கொண்டாங்க." கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது, வேண்டும் என்கிறதா வேண்டாம் என்கிறதா என்று சொல்லமுடியாமல். அவள் நோட்டைக் கொடுக்கவில்லை. மூடினால் அப்புறம் திறக்கமாட்டோம் என்று பயந்து, விரலை நடுவில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

ஜெபமணி சாரின் அறைக்கு இருபது அடி. ஓ.பி. கூடத்தின் ஓரமாகப் போகவேண்டும். மஞ்சள் சேலைக்காரம்மாள் டோக்கனை வாயில் கவ்விக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள். ஷீபா கண்ணாலேயே என்ன என்று கேட்டாள். ஆவுடையப்பன் பின்னாலேயே வருகிற செருப்புச் சத்தம் பாதிவரை கேட்டது, அப்புறம் நின்றது. கதவு திறந்தேதான் இருந்தது. ஜெபமணி சார் ஃபோனில் இருந்தார், சரியாயிட்டு சார், நம்ம பிள்ளைதான் சார் சரி பண்ணுச்சு என்று சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம். அவள் நின்றாள். இப்போதும் திரும்பிவிடலாம். மூன்று அடி பின்னால் போனால் கூடம், கூட்டம், யாரும் கேட்கமாட்டார்கள். இன்னும் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்க, அந்தத் திரை சொன்ன பதில்தான் காதில் இருந்தது. அவர் ஃபோனை மேசையில் வைத்தார். "சொல்லும்மா, ரெண்டு வரி எழுதிட்டியா?" எழுதிட்டேன் சார் என்று அவள் நோட்டை விரித்து மேசையில் வைத்து, எழுத்து அவர் பக்கம் வரும்படி திருப்பினாள்.